உடுப்பா, தொப்பிச் சின்னமா, தண்ணீர்ப் போத்தலா?

பழைய பட்டாளத்துச் சாமான் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது உடுப்பைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், முதல் அடியும் அதிலேயே வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கம்பளி மேல்சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டி நுவரெலியா வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தால் கொலர் முழுக்கப் பூஞ்சணம், கைப்பக்கம் அந்துப்பூச்சி தின்ற ஓட்டை. சட்டையைக் குறை சொல்ல முடியாது, பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பருத்தித் துணியில் சுற்றி, தடித்த ஹேங்கரில் தொங்கவிட்டு, மழை விட்ட நாளில் நிழலில் காற்றாடவிட வேண்டும். காக்கிப் பருத்தி உடுப்பென்றால் அந்து அவ்வளவாகத் தொடாது, பூஞ்சணம் மட்டும் அதையும் விடாது.

நல்ல உடுப்பு கிடைப்பதே அபூர்வம். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் காவல்காரத் தாத்தா பித்தளைப் பொத்தான் வைத்த பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இராத்திரியில் ஸ்டோரைச் சுற்றி வருவார். அது அவர் முதுகிலேயே கிழிந்து முடிந்தது. குளிருக்குப் போடத்தானே கோட்டு, யார் எடுத்து வைப்பார்கள்?

தொப்பிச் சின்னத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஐம்பது வைக்கலாம். கதையும் இங்கேயே இருக்கிறது. தோட்டத் துரைமார் சேர்ந்து நடத்திய தொண்டர் படையான சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் 1900இல் உருவானது, முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் ஆட்களை அனுப்பியது, 1949இல் கலைக்கப்பட்டது. (கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தத் தொப்பியில் இடமில்லை, அது வேறு கதை.) காலம் கண்டுபிடிப்பதும் சுலபம்: சின்னத்தின் மேலுள்ள பிரிட்டிஷ் கிரீடத்தின் வளைவுகள் உருண்டு மேலெழுந்தால் பெரும்பாலும் 1902க்கும் 1952க்கும் இடைப்பட்ட மன்னர் காலம், நடுவில் பள்ளம் விழுந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய எலிசபெத் ராணி காலம்.

ஆனால் போலி மலிந்திருப்பதும் இதில்தான், அதுவும் அரிதான படைப்பிரிவென்றால் கேட்கவே வேண்டாம். சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த பித்தளைச் சின்னத்தின் முதுகில் முன்பக்க உருவம் குழியாகத் தெளிவாகத் தெரியும், வார்த்து எடுத்த போலியில் மணல்மணலாகப் புள்ளியும் மழுங்கிய ஓரமும்தான் இருக்கும். பழைய அச்சையே எடுத்து இப்போது புதிதாக அடித்திருந்தால் மட்டும் எனக்கும் கண் தடுமாறும். இன்னொன்று, தயவுசெய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். எண்பது வருடத்து நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

இப்போது களச் சாமான், அதாவது சிப்பாய் உடம்பில் கட்டிச் சுமந்த சாமான். புதிதாகத் தொடங்குகிற ஆளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். 1944இல் மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது, தியத்தலாவையோ தென்னாபிரிக்காவில் நடந்த பொயர் போரின் கைதிகளை அடைத்த 1900இலிருந்தே பட்டாளம் புழங்கிய ஊர். அதனால்தான் பெல்ட், தோள்பட்டி, முதுகுப்பை, சாப்பாட்டு டின் எல்லாம் இன்னும் பழைய சாமான் கடைகளில் சாக்குக்கு அடியில் கிடக்கின்றன. பிரிட்டிஷ் பட்டாளத்தின் 1937 மாதிரிப் பட்டிகளின் உட்புறத்தில் தயாரித்த கம்பெனியின் எழுத்து, வருடம், அரசாங்கச் சொத்தைக் காட்டும் அம்புக்குறி மூன்றும் மையில் குத்தியிருக்கும். மங்கியிருந்தால் டோர்ச்சைச் சாய்த்து அடியுங்கள், தெரியும். மலிவான பெல்ட்டுக்கு யாரும் மினக்கெட்டுப் போலி செய்வதில்லை, அதனால் ஏமாந்தாலும் சின்னத்தில் ஏமாறுகிற அளவுக்குக் கை சுடாது.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஒரு தண்ணீர்ப் போத்தல். நீல எனாமல், மேலே காக்கிக் கம்பளி உறை, நூலில் கட்டிய தக்கை மூடி. அடியில் எனாமல் கழன்று துரு ஏறியிருக்கிறது. பித்தளைக் கொக்கியில் பச்சைக் களிம்பு பிடித்தால் காய்ந்த மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும். உறை மட்டும் கம்பளி, அதற்கு அந்துப்பூச்சிப் பயம் உண்டு.

எதைச் சேர்த்தாலும் சரி, இன்றைய இராணுவத்தின் உடுப்பு, அதன் புள்ளிபோட்ட உருமறைப்புத் துணி, தோட்டா, வெற்றுக்கூடு பக்கம் போகாதீர்கள். சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால், இது வெறும் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் தரமாட்டார்கள்.