ரேடார் பார்வைக்குள் காற்றாலை: அமெரிக்க ராணுவத்தின் முன்சோதனைச் சேவையை நம்பி இடம் வாங்கலாமா?

அமெரிக்காவில் தரையிலிருந்து 200 அடிக்கு மேல் எழும் எந்தக் கட்டுமானத்துக்கும் எஃப்.ஏ.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் 7460-1 படிவம் கொடுத்தாக வேண்டும். இன்று நிறுவப்படும் பெரிய காற்றாலை ஒவ்வொன்றும் இந்த உயரத்தைத் தாண்டியதுதான். ராணுவ ரேடாரையோ பயிற்சி வான்வெளியையோ அது தொடும் என்றால், விவகாரம் பாதுகாப்புத் துறையின் ‘சைட்டிங் கிளியரிங்ஹவுஸ்’ என்ற, இடத்தேர்வை ராணுவக் கோணத்தில் ஆராயும் அலுவலகத்துக்குப் போகிறது. காசு வாங்காத இந்தச் சேவையில் மூன்று படிகள்: இணையத்தில் முன்சோதனை, முறைசாரா ஆய்வு, முறையான ஆய்வு. மூன்றும் ஒரே தரத்தில் இல்லை.

இந்த அலுவலகம் ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் அதன் மதிப்புப் புரியும். ஒரெகன் மாநிலத்தின் ஷெப்பர்ட்ஸ் ஃபிளாட் திட்டத்தில் 338 காற்றாலைகள், 845 மெகாவாட். பல ஆண்டு வேலை முடிந்து கட்டத் தொடங்கும் தறுவாயில், 2010 மார்ச்சில், ஃபாசில் என்ற ஊரின் நீள்தூர ரேடார் பாதிக்கப்படும் என்று விமானப்படை ஆட்சேபித்தது. ரேடாரைச் சரிக்கட்ட வழி உண்டு என்று எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் காட்டிய பிறகு ஏப்ரல் இறுதியில் ஆட்சேபம் விலகியது. அதே எச்சரிக்கையை இடம் தேடும்போதே சொல்லியிருந்தால் இந்தப் பதற்றமே நேர்ந்திருக்காது. 2011 ஜனவரியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தின் 358-ஆம் பிரிவு அதற்காகத்தான் ஒற்றைச் சாளரம் ஒன்றைக் கேட்டது.

முதல் படி இணைய முன்சோதனை. எஃப்.ஏ.ஏ. தளத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து மூன்று சோதனைகளைத் தனித்தனியே ஓட்ட வேண்டும்: வான் பாதுகாப்பு ரேடார், வானிலை ரேடார், ராணுவப் பறப்பு. ஒன்றை மட்டும் ஓட்டிப் பச்சை கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ரேடார் சோதனையில் பச்சை என்றால் பாதிப்பு எதிர்பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம், சிவப்பு என்றால் வாய்ப்பு மிக அதிகம். எந்த நிறமும் அனுமதி ஆகாது. ராணுவப் பறப்புச் சோதனை, பாதிக்கப்படக்கூடிய பயிற்சித் தடங்களின் எண்களைக் காட்டும். வி.ஆர். (கண்பார்வையில் பறக்கும் தடம்) அல்லது ஐ.ஆர். (கருவிகளைக் கொண்டு பறக்கும் தடம்) என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் அந்தத் தடம் முழுக்க 1,500 அடிக்குள் பறக்கும் தடம். அங்கே ரேடார் பச்சையாக இருந்தாலும் விமானிகளிடமிருந்து ஆட்சேபம் வரலாம்.

நிறத்தை மட்டும் நம்பாமல் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடார் ஆன்டெனாவின் உயரம், இறக்கை நுனியின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் பார்வைக்கோட்டின் தூரம் கிலோமீட்டரில் வரும். ஆன்டெனா 25 மீட்டர், இறக்கை நுனி 144 மீட்டர் என்றால் 5-ம் 12-ம் சேர்ந்து 17. தூரம் சுமார் 70 கி.மீ. இது சமதளத்துக்கான கணக்கு. நடுவே குன்று இருந்தால் குறையும், ரேடாரே குன்றின் மேல் இருந்தால் கூடும்.

பார்வைக்குள் வந்தால் என்ன கெடுகிறது? கோபுரம் அசையாது, அதன் எதிரொலியை ரேடார் எளிதில் வடிகட்டிவிடும். சிக்கல் இறக்கையில். அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் ஓடுவதால், நகரும் பொருளைத் தேடும் வடிகட்டி அதையும் விமானம் போலவே உள்ளே விடுகிறது. விளைவு, திரையில் பொய்த் தடங்கள். இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது: சுற்றிலும் இரைச்சல் கூடும்போது ரேடார் தன் உணர்திறன் வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும், உண்மையான சிறு விமானம் அந்த வரம்புக்குக் கீழே மறைந்துபோகும். ராணுவம் வீண்பிடிவாதம் பிடிக்கிறது என்று எண்ணுபவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

சேவையின் சிறந்த பகுதி முறைசாரா ஆய்வுதான். ஆயத்தொலைவுகள், காற்றாலை எண்ணிக்கை, நுனி உயரம், கால அட்டவணை ஆகியவற்றை அனுப்பினால் கிளியரிங்ஹவுஸ் அவற்றைப் படைப்பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விட்டுப் பதில் தரும். அந்தப் பதில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நில ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கிடைக்கும் ஒரே நேர்மையான சமிக்ஞை அதுதான். தோராயமான நில எல்லையை மட்டும் அனுப்பினால் பதிலும் தோராயமாகத்தான் வரும். காற்றாலை வாரியாகப் புள்ளிகளைக் கொடுங்கள்.

முறையான ஆய்வு 7460-1 படிவத்தோடு தொடங்குகிறது. ஒரு காற்றாலைக்கு ஒரு படிவம். கட்டுமானம் தொடங்கும் நாள், கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாள் இரண்டில் எது முந்தியதோ அதற்கு 45 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். அந்த 45 நாளை மட்டும் நம்பித் திட்டமிட்டால் அவதிதான். உயரத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள்: எழுத வேண்டியது இறக்கைகள் பொருந்தும் மையத்தின் உயரம் அல்ல, மேலே நிற்கும்போது இறக்கை நுனியின் உயரம். மையம் 90 மீட்டர், இறக்கை வட்டத்தின் ஆரம் 60 மீட்டர் என்றால் நுனி 150 மீட்டர், அதாவது 492 அடி. மையத்தை 5 மீட்டர் உயர்த்தினால் சுமார் 509 அடி ஆகி, பறப்புக்கு இடையூறு என்று கருதப்படும் 499 அடி அளவுகோலைத் தாண்டுகிறது. அதற்குமேல் விரிவான ஆய்வு நடக்கும், நாளும் கூடும்.

ஆட்சேபம் வந்தால் தீர்வு ஒப்பந்தம்: சில காற்றாலைகளை இடம் மாற்றுவது, குறிப்பிட்ட வேளைகளில் இறக்கையை நிறுத்துவது, ரேடார் மேம்பாட்டுக்குப் பணம் தருவது. இங்கேதான் சேவை பலவீனம். பேச்சுவார்த்தை எத்தனை மாதம் ஓடும் என்று முன்கூட்டிக் கணிக்க வழியில்லை. கடன் தரும் வங்கியோ தேதி கேட்கும். எஃப்.ஏ.ஏ.வின் தீர்மானம் தன்னளவில் கட்டுமானத்தைத் தடை செய்யாது என்றாலும், அது கையில் இல்லாமல் கடனும் காப்பீடும் கிடைப்பது கடினம்.

‘ஆபத்தில்லை’ என்ற தீர்மானம் வந்ததும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அது 18 மாதம் செல்லும். நீட்டிப்பு வேண்டுமானால் முடிவதற்கு 15 நாள் முன்பே கேட்க வேண்டும். மண் சரியில்லை என்று அடித்தளத்தைச் சற்று நகர்த்தி அமைத்தாலும் ஆயத்தொலைவு மாறுகிறது, பழைய தீர்மானம் செல்லாது. அந்த ஒரு காற்றாலைக்கு மட்டும் மீண்டும் 7460-1.