வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்துக் கலப்பது: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காப்பிக்கொட்டை வறுக்கும் சிறிய மின்கருவி ஒன்றைச் சில ஆண்டுகளாக சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பயன்படுத்தி வருகிறேன். சூடான காற்று பாய்ந்துகொண்டிருக்க, சாய்வாகச் சுழலும் கண்ணாடி உருளையும், உமியைத் தனியே பிடித்துக்கொள்ளும் கூடையும் கொண்ட வகை அது. ஒரு தடவைக்கு 250 கிராம் பச்சைக் கொட்டை போடலாம். வாங்க நினைப்பவர்கள் பலரும் வறுவல் எப்படி வருகிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வறுவல் நன்றாகவே வருகிறது. ஆனால், ஒவ்வொரு கொட்டையையும் அதற்குரிய பதத்தில் தனியாக வறுத்து, நம் நாவுக்கு ஏற்றபடி பிறகு கலந்துகொள்ள முடிகிறதே, அதற்காகவே இதை வாங்கலாம் என்பது என் முடிவான கருத்து.

காரணம் எளியது. அரபிக்கா, ரோபஸ்டா என்ற இரு காப்பி இனங்களும் ஒரே சூட்டுக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. கொட்டையின் வடிவமும் வறுவலை மாற்றும்: பீபெரி என்பது காப்பிப் பழத்துக்குள் இரண்டு பருப்பு விளையாமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. உருளையில் தடையின்றிப் புரளுவதால் எல்லாப் பக்கமும் சீராக நிறம் ஏறும். ரோபஸ்டாவில் சர்க்கரை குறைவு, காஃபின் அரபிக்காவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதை இளம் பதத்தில் இறக்கினால் தானிய வாடை போவதில்லை. சற்றுக் கூடுதலாக வறுத்தால்தான் டிகாக்ஷனுக்குத் தேவையான கனம் கிடைக்கும். அரபிக்காவையும் ரோபஸ்டாவையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால், ஒன்றுக்குச் சரியான பதம் மற்றொன்றுக்குக் குறையாகவோ மிகையாகவோ போய்விடுகிறது.

வறுக்கும்போது கண்ணாடி உருளை பெரிய வசதி. சாம்பல் பச்சையாக இருக்கும் கொட்டை முதலில் வெளிர் மஞ்சளாகி, பச்சைப்புல் வாடை மாறி, பிறகு பழுப்பேறும். 200 டிகிரி செல்சியசை ஒட்டி, கொட்டைக்குள் அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் அதன் சுவரைப் பிளந்துகொண்டு வெளியேறும்போது, சோளம் பொரிவதைப் போன்ற முதல் வெடிப்புச் சத்தம் கேட்கும். 225 டிகிரியை நெருங்கும்போது தொடங்கும் இரண்டாம் வெடிப்பு இதைவிட மெல்லியது, நெருக்கமானது. அப்போது எண்ணெய் மேலே கசியத் தொடங்கும், புகையும் அடர்ந்துவிடும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கருவியின் திரை காட்டும் எண், வெளியேறும் காற்றின் வெப்பநிலையே தவிர கொட்டையின் வெப்பநிலை அன்று. ஆகவே திரையைப் பார்த்து நிறுத்துவதைவிடக் காதையும் மூக்கையும் நம்புவதுதான் பாதுகாப்பு. ஃபில்டர் காப்பிக்கு அரபிக்காவை இரண்டு வெடிப்புகளுக்கும் இடையிலும், ரோபஸ்டாவை இரண்டாம் வெடிப்பின் முதல் சில சத்தங்களிலும் நிறுத்துகிறேன்.

இந்த வகைக் கருவியின் உண்மையான குறை, ஆறவைப்பதில் இருக்கிறது. கொட்டை உருளைக்குள்ளேயே இருக்க, கருவி தானாகக் குளிர்ந்து முடியப் பத்து நிமிடத்தை நெருங்கிவிடுகிறது. அதுவரை உள்ளே தேங்கிய சூடு கொட்டையை மேலும் வறுத்துக்கொண்டே போவதால், நாம் நிறுத்திய பதம் ஒன்று, கைக்கு வரும் பதம் வேறொன்று. சிங்கப்பூரில் அறையின் சூடே பெரும்பாலும் 30 டிகிரிக்கு அருகில் இருப்பதால் இது இன்னும் கூடுகிறது. நெருப்புக் கையுறை அணிந்து, உருளையை உடனே கழற்றி, அகலமான எவர்சில்வர் சல்லடையில் கொட்டி, மேசை மின்விசிறியின் முன் கிளறி ஆற்றுவதே நான் கண்ட வழி. மூன்று நிமிடத்தில் கை வைக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், சூடான கண்ணாடியைக் கையாளும் இந்த வேலையை நன்கு யோசித்தே தொடங்க வேண்டும்.

அடுத்தது புகை. அடுக்குமாடியில் வாழும் நமக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சமையலறையிலிருந்து புகை கூடத்துக்கு வந்தால் அது அலறும். வளையும் அலுமினியக் குழாயைக் கருவியின் வாயில் பொருத்தி, மறுமுனையைச் சமையலறை சன்னலுக்கு வெளியே விட்டால் வீட்டுக்குள் புகை தங்காது. ஆனால் அது மேலே ஏறத்தானே செய்யும்? "தம்பி, இன்னிக்கு வறுக்கிறீங்களா? சொன்னா துணிய உள்ள எடுத்து வச்சிருவேன்" என்று மேல்மாடி அக்கா ஒருமுறை மின்தூக்கியில் கேட்டார். அன்றிலிருந்து, மூங்கில் கழிகளில் துணி காயும் காலை நேரத்தைத் தவிர்த்து, இரவு உணவுக்குப் பிறகே வறுக்கிறேன்; முன்பே ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுகிறேன். கருநிறம் வரும்வரை வறுக்க விரும்புபவர்களுக்குப் புகை இன்னும் மிகுதி என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் ஊரின் ஈரப்பதம் பச்சைக் கொட்டைக்கும் பகை. கொட்டையின் ஈரம் 12 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கும், சுவையும் மங்கும். படக்கருவி வைக்கும் மின் உலர்பெட்டி பலர் வீட்டில் இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் காற்றுப்புகாத பைகளில் வைத்து, ஈரப்பதத்தை 55 விழுக்காட்டளவில் நிறுத்தினால் கொட்டை மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கிறது. ஆகவே, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இனி, கலவை. நான் நிலையாக வைத்திருப்பது: 60 விழுக்காடு பிளாண்டேஷன் ஏ, அதாவது கழுவிப் பதப்படுத்திய அரபிக்காவின் பெரிய கொட்டை, 30 விழுக்காடு கழுவிய ரோபஸ்டா, மீதி மான்சூன்ட் மலபார். கடைசியாகச் சொன்னது, மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றில் மாதக்கணக்கில் பரப்பி வைக்கப்பட்டு, ஊதி வெளுத்த கொட்டை. புளிப்பு அதில் மிகக் குறைவு; பத்துப் பங்கு சேர்த்தாலே பாலில் கலந்த காப்பி மிருதுவாகிவிடுகிறது. அது கிடைக்காதபோது சுமத்ராவின் மண்டெலிங்கைச் சேர்த்துப் பார்த்தேன். மண்வாசனையும் கனமும் நன்றாகவே பொருந்தின. அளப்பது எப்போதும் எடையில்தான் இருக்க வேண்டும். கூடுதலாக வறுபட்ட கொட்டை உப்பி இலேசாகிவிடுவதால், கரண்டிக் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறாகிவிடும். 250 கிராம் பச்சைக் கொட்டை வறுத்தபின் ஏறக்குறைய 210 கிராம் தேறும் என்பதையும் முன்பே கணக்கிட்டுக்கொண்டால், கலக்கும் நேரத்தில் ஒன்று மிஞ்சி மற்றொன்று போதாமல் போகாது.

வறுத்த அன்றே அரைக்க வேண்டாம். உள்ளிருக்கும் வாயுவால் பொடி பொங்கி, ஃபில்டரில் டிகாக்ஷன் சீராக இறங்காது. நான்கைந்து நாள் பொறுத்தால் மணமும் கூடும், டிகாக்ஷனும் கெட்டியாக இறங்கும். சிக்கரி சேர்ப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் சிக்கரித் தூள் இந்த ஈரக்காற்றில் எளிதில் கட்டிப்போய்விடுவதால், அதைக் காப்பிப்பொடியுடன் கலந்து வைக்காமல் ஃபில்டரில் போடும் நேரத்தில்தான் சேர்க்கிறேன். இந்தக் கருவியில் இங்குள்ள காப்பிக்கடைகளில் கிடைக்கும் கோப்பியின் சுவையைக் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அந்தக் கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவது. கண்ணாடி உருளையில் சர்க்கரையைப் போட்டால் அது ஒட்டிக் கருகி, கருவியே பாழாகிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, நான் வாங்கும் இடத்தில் பச்சைக் கொட்டை, வறுத்ததன் விலையில் ஏறக்குறைய பாதிக்கு வருகிறது. தினமும் இரண்டு மூன்று பேர் காப்பி குடிக்கும் வீட்டில் கருவியின் விலை மெல்லத் திரும்பிவிடும். வார இறுதியில் மட்டும் குடிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பராமரிப்பில், உமிக்கூடையை ஒவ்வொரு தடவையும் தட்டிச் சுத்தம் செய்வது கட்டாயம், ஏனெனில் தேங்கிய உமி எளிதில் தீப்பற்றும். உருளையின் எண்ணெய்க் கறையைச் சோடா உப்பு கரைத்த வெந்நீர் எடுத்துவிடுகிறது.

இப்போது மலேசியாவின் ஜோகூரில் விளையும் லிபெரிக்கா என்ற மற்றொரு காப்பி இனத்தைச் சிறிதளவு வாங்கி வைத்திருக்கிறேன். கொட்டை பெரியது, அளவும் ஒரே சீராக இல்லை. ஆகவே ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடாமல், குறைந்த சூட்டில் நிதானமாக வறுக்கத் தொடங்கியுள்ளேன். பலாப்பழ வாசனை கலந்த அதன் மணம் தனியாகக் குடிக்க நன்றாக இருக்கிறது. மேற்சொன்ன கலவையில் ஐந்து பங்குக்கு மேல் சேர்த்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.