எச்டி 600-க்கு எந்த ஆம்ப்? கல்லடியில் நாலு மாதம் கேட்டுப் பார்த்தது

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் என் கைக்கு வந்து நாலு மாதம். தோஹாவில் வேலை செய்யும் அத்தான் லீவில் வந்தபோது உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து போனில் நேரே கேட்டால் போதும் என்கிறார் ஒருவர், நல்ல பிளேயர் இல்லாமல் இதை வாங்கியதே வீண் என்கிறார் இன்னொருவர், ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டியான ஆம்ப் வேண்டும், அதுவும் கண்ணாடிக் குழாய் போட்ட வால்வு ஆம்ப்தான் இதற்குச் சரி என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். சரி, எல்லாவற்றையும் கேட்டே பார்ப்போம் என்று சிலதைக் கடன் வாங்கினேன், ஒன்றைக் கேட்கக் கல்முனைக்கே போனேன். இப்படியான சாமானைக் காதில் வைத்துப் பார்த்து வாங்க மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்து கடை இல்லை, காசைக் கட்டிவிட்டுத்தான் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஹெட்போன். 1997-இல் வந்த மொடல், இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்பக்கம் திறந்த வகை, ஆகவே உங்களுக்குக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளியே நாய் குரைப்பது உங்களுக்கும் கேட்கும். பஸ்ஸிலோ ரயிலிலோ பாவிக்கிற சாமான் இல்லை, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கேட்பதற்கானது. நான் இதை எடைபோடப் பாவித்தது வந்தாறுமூலைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்தில் கையடக்க ரெக்கோடரில் நானே பதிந்த ஒலி. களரியில் நானும் நின்றேன், என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும், அதைவிட நம்பகமான சோதனைப் பாட்டு எனக்கு வேறு இல்லை. மத்தளத்தின் இடந்தலையும் வலந்தலையும் தனித்தனியே விளங்குகிறது, சல்லாரித் தாளம் காதைக் குத்தாமல் மின்னுகிறது, ஆடுகிறவர் சுற்றி வரும்போது சதங்கை இடமிருந்து வலமாக நகர்வது தெரிகிறது. கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் குரல் கட்டிப்போய் இருந்ததுகூட அப்படியே வருகிறது. அம்மாவுக்கு மாட்டிவிட்டேன், ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "மகன், ஆரோ பின்னால நிண்டு கதைக்கிறாங்க" என்று திரும்பிப் பார்த்தார். கூத்துப் பார்க்க வந்த சனத்தின் பேச்சுத்தான் அது. குறை என்றால் அடிமட்ட பாஸ். மத்தளத்துக்குப் போதும், சினிமாப் பாட்டில் வருகிற ஆழமான எலெக்ட்ரோனிக் பாஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்கிறவர்கள் வேறு ஹெட்போன் பார்க்க வேண்டும். எந்த ஆம்ப் போட்டாலும் அது மாறவில்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். இதன் மின்தடை 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் வரும். இந்த இரண்டு எண்களையும் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். உச்சத் தட்டுகள் 110 டெசிபல் வரை போக இடம் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 4.5 வோல்ட் தேவை, வாட் கணக்கில் அது 70 மில்லிவாட்டுக்கும் குறைவு. ஆக இந்த ஹெட்போன் கேட்பது பெரிய வாட் இல்லை, வோல்ட். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற வாட் அளவு அநேகமாக 16 அல்லது 32 ஓமுக்கானது, 300 ஓமுக்கு அது பொருந்தாது.

முதலில் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டொங்கிள், போனிலோ லப்டொப்பிலோ செருகி ஹெட்போனை மாட்டுகிற சின்ன இணைப்பு. விரல் நீளம்தான் இருக்கும், இதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் எடுத்தேன். லப்டொப்பில் செருகிக் கேட்டபோது வியந்துபோனேன். 1 வோல்ட் தருகிறது, பின்னணி இரைச்சல் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை, இன்றைய பாட்டுகளுக்குச் சத்தம் தாராளம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஐரோப்பாவில் விற்கப்படுவது ஏ2155, அது பாதி வோல்ட்தான் தரும். மற்ற இடங்களில் விற்கிற ஏ2049 தான் 1 வோல்ட். கேபிளில் பொடி எழுத்தில் எண் இருக்கும், வெளிநாட்டில் இருந்து யாரிடமாவது சொல்லி எடுப்பிக்கிறவர்கள் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரண்டு, பல அன்ட்ரொய்ட் போன்களில் இந்த டொங்கிளின் சத்தம் முழுதாகத் திறக்காது. போனில் வொல்யூம் நிறைந்திருக்கும், டொங்கிளுக்குள் இருக்கிற வொல்யூம் பாதியில் நிற்கும். யுஎஸ்பி டொங்கிளை நேரே கட்டுப்படுத்துகிற பிளேயர் செயலி போட்டால் சரியாகிவிடுகிறது. என் போனில் இது தெரியாமல் இரண்டு வாரம் ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன்.

அடுத்தது நண்பனின் கையடக்க பிளேயர். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், நல்ல கட்டமைப்பு, பற்றரி நாள் கணக்கில் நிற்கிறது, திரை அழகு. அதன் விபரக் குறிப்பில் 16 ஓமுக்கு 35 மில்லிவாட் என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 0.75 வோல்ட். அந்தச் சின்ன டொங்கிளைவிடக் குறைவு. கேட்டதிலும் அப்படித்தான், வொல்யூம் முழுக்க ஏற்றியும் கூத்துப் பதிவு எங்கோ தூரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. அதே பிளேயரில் காதுக்குள் வைக்கிற சிறிய 16 ஓம் இயர்போனைப் போட்டால் அருமையாகப் பாடுகிறது. பிளேயரில் பிழையில்லை, சோடிதான் சேரவில்லை. விலை கூடிய பிளேயர் என்பதற்காக 300 ஓமைத் தள்ளும் என்று நம்பி வாங்காதீர்கள், எத்தனை வோல்ட் தரும் என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் இப்போது என் மேசையில் நிரந்தரமாக இருப்பது: ஓ2 என்கிற ஆம்ப். 2011-இல் தன் சொந்தப் பெயரைச் சொல்லாத ஒரு பொறியியலாளர் வடிவமைத்து, வரைபடத்தையும் அளவீடுகளையும் யாரும் செய்து பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார். 2012-க்குப் பிறகு ஆளின் எழுத்தே இல்லை. விலையை ஏற்றி வைத்துக்கொண்டு மாயாஜாலம் பேசிய ஆம்ப்களுக்கு நடுவில், சாதாரண ஐசிகளால் செய்த பெட்டி இவ்வளவு சுத்தமாக ஒலிக்கும் என்று அளந்தே காட்டிய மனிதர் அவர், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. நான் கேட்பது ஒரு நண்பன் பாகங்கள் எடுப்பித்து இங்கேயே ஈயம் பற்றவைத்துச் செய்தது. வெளியீட்டுத் தடை, அதாவது ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஆம்பே வைக்கிற தடை, அரை ஓம் அளவு, கரண்டில் ஓடும்போது 300 ஓமுக்குச் சுமார் 7 வோல்ட் வரை தரும். உள்ளே இரண்டு 9 வோல்ட் பற்றரி, ஆகவே கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. 2022-இல் மணிக்கணக்காக மின்வெட்டில் இருந்த எங்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டொங்கிளின் 1 வோல்ட்டை இதற்குள் கொடுத்தால் சின்ன கெயினில் (பெருக்கும் அளவில்) இரண்டரை மடங்கு, பெரிய கெயினில் ஆறரை மடங்கு. அதாவது 97 டெசிபல் 105 ஆகும், அல்லது 113 ஆகும். குறைந்த மட்டத்தில் பதிந்த என் கூத்து இங்கேதான் முழுதாக எழும்பியது. மத்தளம் விழும் இடம் நிமிர்ந்து நின்றது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டொங்கிள் மட்டும், டொங்கிளோடு ஓ2, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டபோது எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஒரே சத்தம் என்றால் காதால் இல்லை, 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போனைச் செருகியபடியே மல்டிமீட்டரில் வோல்ட்டை அளந்து சமப்படுத்தினேன். வோல்ட் ஒரு சதவீதத்துக்குள் சேர்ந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். தங்கச்சி எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் செருக, நான் ஊகித்ததில் பாதிதான் சரி. முதல் நாள் சமப்படுத்தாமல் கேட்டபோது "மேடை விரிகிறது, குரல் முன்னால் வருகிறது" என்றெல்லாம் நோட்டில் எழுதியிருந்தேன், கொஞ்சம் கூடிய சத்தம் செய்கிற வேலை அது. யாராவது ஆம்பை மாற்றியதும் ஒலி தலைகீழாக மாறியது என்றால் முதலில் இதைத்தான் கேளுங்கள், அளந்து சமப்படுத்தினீர்களா என்று.

வால்வு ஆம்ப் வேறு கதை. கனடாவில் இருந்து வந்து கல்முனையில் இருக்கும் பெரியப்பாவிடம் பொட்டில்ஹெட் கிராக் இருக்கிறது, பாகங்களாக வந்ததை அவரே பொருத்தியது. வால்வுகள் 12ஏயு7 ஒன்று, 6080 ஒன்று, வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோர்மர் கிடையாது. வெளியீட்டுத் தடை 120 ஓம் அளவு. பின்னேரம் போய்ப் படுக்கிற நேரம் வரை கேட்டேன். இங்கே வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. எச்டி 600-இன் தடை எல்லா இடத்திலும் 300 இல்லை, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500 ஓமைத் தாண்டும். 120 ஓம் முன்னால் நின்றால் அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய 1 டெசிபல் எழும்பும். பெண் குரலுக்கும் வயலினுக்கும் அடியில் ஒரு மெத்தை போட்ட மாதிரி, மத்தளத்தின் இடந்தலைக்குக் கொஞ்சம் சதை. வைகாசிச் சடங்கில் பதிந்த கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டை அதில் கேட்டபோது நானும் பெரியப்பாவும் முடியும் வரை வாய் திறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் 6080-இன் சூடாக்கி மட்டும் 15 வாட்டுக்கு மேல் எடுக்கும், நம்முடைய சித்திரை வெயிலில் சின்ன அறைக்குள் அதை வைத்துக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

அதே கிராக்கில் மச்சானின் ஹைஃபைமேன் சுந்தரா ஹெட்போனைச் செருகிப் பார்த்தோம். தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கிற பிளேனர் வகை, தடை 40 ஓமுக்குள். பிளேனரின் தடை ஏறி இறங்காது என்பதால் நிறம் பெரிதாக மாறவில்லை, ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி சத்தம் சோர்ந்து போனது. இதற்கு வோல்ட்டை விட மின்னோட்டம் வேண்டும், 120 ஓம் வழியாக அது வராது. ஓ2-வில் போட்டதும் நன்றாக எழும்பியது. ஆம்பின் வெளியீட்டுத் தடை ஹெட்போனின் தடையில் எட்டில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், வால்வை விரும்பி அதை மீறலாம், ஆனால் 300 ஓம் ஹெட்போனோடு மட்டும் மீறுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவில் இருந்து வருகிற பல ஆம்ப்களின் அடப்டர் 120 வோல்ட்டுக்கானது, அதுவும் ஏசி உள்ளே ஏசி வெளியே என்கிற வகை, போன் சார்ஜர் மாதிரி எந்த வோல்ட்டையும் ஏற்காது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய ஆம்போடு அப்படி ஒன்று வந்து, பார்க்காமல் செருகி, ஐந்து நிமிடத்தில் மணக்கத் தொடங்கிவிட்டது. பெட்டியில் எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் வேறு. செருகும் முன் அடப்டரின் முதுகை வாசியுங்கள்.

அப்புறம், லப்டொப் சார்ஜரில் இருக்கும்போது ஹெட்போனில் ஊங்காரம் கேட்டால் ஆம்பைத் திட்டாதீர்கள், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். என் வீட்டுப் பழைய பிளக் பொயின்ரில் ஏர்த் இணைப்பே இல்லை, வயர்மனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்ததும் ஊங்காரம் போய்விட்டது.

கல்லடியில் எங்கள் வீடு கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம். இரண்டாம் மாதமே வலது காது விட்டு விட்டுக் கேட்டது, உப்புக்காற்று பிளக்கில் படிந்திருந்தது. எச்டி 600-இன் கேபிள் இரண்டு பக்கமும் கழற்றலாம் என்பது அப்போதுதான் கை கொடுத்தது. ஐசோபுரோபில் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டு ஊசிகளைத் துடைத்து, பத்துத் தடவை செருகி எடுத்ததும் சரியாகிவிட்டது. இப்போது கேட்டு முடித்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகள் நாலோடு வைக்கிறேன், மாதத்துக்கு ஒரு தடவை ஊசிகளைத் துடைக்கிறேன், அதற்குப் பிறகு வலது காது ஒரு நாளும் விடவில்லை.