தேயிலை மீள்நடுகை மானியம்: வேலையின் வரிசை பிசகினால் காசு வராது

இலங்கையில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீ.பீ. கன்று (விதையிலிருந்து அல்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்று) வைக்கும் சிறுதோட்டக்காரருக்குத் தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை தரும் மானியம், சுணங்கினாலும் வாங்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் முன்பணம் என்று நம்பி இறங்கக்கூடாது. ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்து, அதிகாரசபை இன்ஸ்பெக்டர் மலையேறிப் பார்த்த பிறகே அந்தக் கட்டத்துக் காசு. கையிருப்பு குறைவென்றால் முழு மலையிலும் உள்ள தேயிலையை ஒரே தடவையில் பிடுங்காதீர்கள்.

மீள்நடுகைப் பெர்மிட் கைக்கு வரும்முன் ஒரு செடியையும் தொடவேண்டாம். வெறும் மண்ணைக் காட்டி, இங்கே பழைய தேயிலை இருந்தது என்று நிரூபிக்க முடியாது. பிடுங்கும்போது பென்சில் தடிப்பு வேர்வரை எடுக்க வேண்டும். மண்ணில் தங்கும் வேர்தான் புதுக் கன்றுக்கு வேர்நோயைக் கொடுக்கும்.

அடுத்தது, மண்ணைத் தேற்றக் குவாத்தமாலா புல் அல்லது மானாப் புல் நடுவது. 18 முதல் 24 மாதம். கொழுந்துக் காசு இல்லாத இந்தக் காலம்தான் திட்டத்தின் உண்மையான விலை, மானியம் அதை முழுதாக ஈடுசெய்யாது. அதனால் ஒரு வருடத்திலேயே கன்று வைக்கத் துடிப்பவர்கள் உண்டு. மேல்நாட்டு மண்ணில் வேரைத் துளைக்கும் நூற்புழு குறைய அந்த ஒரு வருடம் போதாது. வெட்டிய புல் மலையிலேயே மூடாக்காகக் கிடக்க வேண்டும். பக்கத்தில் மாட்டுப்பட்டி இருந்தால் காவல் போடுங்கள்!

அதிகம் கோட்டை விடுவது கானில், அதாவது மழைநீர் வடிகாலில். சரிவுக்குக் குறுக்கே, 120 அடிக்கு 1 அடி இறக்கம், ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம். கண்மட்டத்தில் வெட்டினால் இறக்கம் கூடி, முதல் பெருமழையிலேயே கான் ஓடையாகிவிடும். இறக்கம் அளக்கும் ரோட் டிரேசர் கருவி இல்லையா, மூன்று கம்பை A வடிவில் கட்டி ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் போதும். கானுக்குள் இடைக்கிடை விடும் மண்தடுப்பு, கான் கரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்தால் தண்ணீர் கரை தாண்டிக் கீழ்வரிசைக் கன்றுகளை அடித்துக்கொண்டு போகும். மழைக்குப் பிறகு தேங்கிய மண்ணை வாரி மேல்பக்கம் போடுங்கள்.

4 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 5,445 கன்று கணக்கு. கானும் பாதையும் போக 5,000 நிற்கும். குழி 18 அங்குல ஆழம். மண்ணின் பீ.எச். (புளிப்பு அளவு) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கிறதா என்று நடும்முன் பார்க்கவும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன் மழைக்கும், பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மழைக்கும் நடலாம். பட்டுப்போன கன்றுக்கு மறுகன்று வைக்கத் தவறணையில் (நாற்றுமேடையில்) கொஞ்சம் மிச்சம் வையுங்கள். வெற்றிடம் கூடினால் அடுத்த கட்டக் காசு நிற்கும்.

காகிதங்கள் வழக்கமானவைதான்: காணி உறுதி (உரிமைப் பத்திரம்), நில அளவைப் படம், கிராம சேவகர் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். பிரிக்காத பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். 1992இல் கம்பனி நிர்வாகத்துக்குப் போன தோட்டங்களில், லயத்து ஆட்கள் (தோட்டக் குடியிருப்புத் தொழிலாளர்) வருமானத்தைக் கம்பனியோடு பங்கிடும் முறையில் பராமரிக்கும் தேயிலைக்கு அவர்கள் பெயரில் உறுதி கிடையாது. கானை வெட்டுவதும் புல்லை நடுவதும் அவர்கள். மானியம் கேட்கும் உரிமை காணிக்காரருக்கு. கம்பனிக் கடிதம் மட்டும் கையில் இருப்பவர்கள், மீள்நடுகைச் செலவு யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்காமல் மண்வெட்டியை எடுக்கவேண்டாம்.