நோக்கியா 1100-ஆ, 3310-ஆ? பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்

அவசரத்துக்கு ஒரு பழைய பட்டன் போன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள்: 2000-ல் வந்த 3310, 2003-ல் வந்த 1100. என் ஓட்டு 1100-க்குத்தான்.

பேச்சு, எஸ்எம்எஸ், பாம்பு விளையாட்டு இரண்டிலும் உண்டு. இரண்டும் 2ஜி மட்டுமே என்பதால் ஜியோ சிம் எடுக்காது. 3310 எடை 133 கிராம், 1100 வெறும் 86. டார்ச் 1100-ல் மட்டும். கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அதன் கீபேட் ஒரே ரப்பர் விரிப்பு. தூசி எளிதில் இறங்காது, ஆனால் எண்கள் தேய்ந்து அழியும். உறுதியில் 3310-ஐக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பழைய போனை முதலில் கைவிடுவது பேட்டரிதான். 1100-க்கு பிஎல்-5சி. 1600, 6600 என்று பல மாடல்களுக்கும் அதேதான். கையடக்க எஃப்எம் ரேடியோ, ப்ளூடூத் ஸ்பீக்கர்களிலும் அதைத்தான் போடுகிறார்கள். அதனால் சின்ன மொபைல் கடையிலும் கிடைக்கும். ஒரிஜினலின் கொள்ளளவு 850 முதல் 1020 எம்ஏஎச் வரைதான். அட்டையில் 2500 என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள், அந்த அளவுக்குள் அவ்வளவு அடங்காது. வாங்கும்போது கண்ணாடி மேஜையில் படுக்க வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பிவிட்டது. சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியின் மூன்று தகடுகளையும் பென்சில் அழிப்பானால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். நடுத்தகடு அழுக்கானாலும் போன் பேட்டரியை அடையாளம் காணாது. சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். முழுதும் வடிந்த லித்தியம் பேட்டரி மறுபடி எழுவது கஷ்டம்.

3310-க்கு வருவது பிஎம்சி-3 என்ற நிக்கல் பேட்டரி, அல்லது பிஎல்சி-2 லித்தியம். நிக்கல் பேட்டரி சும்மா இருந்தாலே வடியும். ஒரிஜினல் தயாரிப்பு நின்று வெகுகாலம். கிடைப்பவை பழைய இருப்பு, இல்லையென்றால் போலி. எது எத்தனை மாதம் உழைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்னொரு குழப்பமும் உண்டு: '3310 பேட்டரி' என்று கேட்டால் 2017-ல் அதே பெயரில் வந்த புது போனின் பிஎல்-4யுஎல்-ஐ நீட்டுவார்கள். பழையதில் அது உட்காராது.

எதை வாங்கினாலும் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, பேட்டரிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். சிம் புதிதாக எடுத்தால் அட்டையிலிருந்து பெரிய அளவில் மட்டும் உடைத்தெடுங்கள். நானோவாக உடைத்து அடாப்டரில் வைத்தால், வெளியே எடுக்கும்போது அது சிம் பின்களில் மாட்டி வளைத்துவிடும். வளைந்த பின்னை நிமிர்த்த ஊசியும் பொறுமையும் வேண்டும்.