லித்தியம் இன்வெர்ட்டர் பேட்டரி: வேலூர் வெயிலில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் திரையில் தெரியும் பேட்டரி அளவை நம்பாதீர்கள். லித்தியத்துக்கு மாறிச் சில வருடம் ஓட்டியவள் என்ற முறையில், புதிதாக வாங்கப்போகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். மற்றபடி பேட்டரி மேல் பெரிய குறை எதுவும் இல்லை.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். முன்பு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) ட்யூபுலர் என்ற ஈயப் பேட்டரி வைத்திருந்தோம். கத்திரி வெயிலில் டிஸ்டில்டு வாட்டர் மளமளவென்று வற்றும், டெர்மினலில் உப்புப் பூக்கும். அது ஓய்ந்ததும் 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினோம். ட்யூபுலரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இதை ஒரே ஆள் ஒரு கையில் எடுத்து வந்து வைத்துவிட்டார்.

"150-ஐ எடுத்துட்டு 100 வெச்சா எப்படிம்மா தாங்கும்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஈயப் பேட்டரியில் 150 என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக இழுத்தால் குறையும். தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுளும் குறையும். லித்தியத்தில் 12.8-ஐ 100-ஆல் பெருக்கினால் 1280 வாட்-மணி. அதில் பெரும்பகுதியைப் பயமில்லாமல் எடுக்கலாம். ஃபேன், லைட், வைஃபை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 200 வாட் வரும். இன்வெர்ட்டரில் வீணாவது போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் மதியச் சாப்பாடு வரை கவலையில்லை.

2022 மார்ச்சில் இதே வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு லித்தியம் என்றாலே ஊரில் ஒரு நடுக்கம். அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். லித்தியம் பேட்டரி எல்லாம் ஒரே ரகம் இல்லை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த வகை குறைந்த எடையில் அதிக சக்தி தரும், ஆனால் அளவு மீறிச் சூடானால் உள்ளிருந்தே ஆக்சிஜன் கிளம்பித் தீயை வளர்க்கும். பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் வெளியே வராது. பற்றவே பற்றாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

சரி, திரை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பராமரிப்பு நாளில் பேட்டரி முழுசாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று வீடே அணைந்தது. கோடு குறையவும் இல்லை, பீப் சத்தமும் வரவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இந்த இன்வெர்ட்டர் இன்னும் பழைய பேட்டரி நெனப்புலயே இருக்குது."

அவர் சொன்னது உண்மைதான். ஈயப் பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் கூடவே இறங்கும், அதை வைத்து இன்வெர்ட்டர் அளவைச் சொல்லிவிடும். பாஸ்பேட் செல்லோ முக்கால்வாசி நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். கடைசியில் சரசரவென்று விழும். உள்ளே நான்கு செல் வரிசையாக இருக்கின்றன. அதில் ஏதாவது ஒன்று அடிமட்டத்தைத் தொட்டாலும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் மொத்தத்தையும் துண்டித்துவிடும். செல் கெடாமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அப்படித் தோன்றாது.

இப்போது ஷன்ட் மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். உள்ளே போன ஆம்பியர், வெளியே வந்த ஆம்பியர் இரண்டையும் எண்ணிச் சதவீதம் சொல்கிறது. அந்தக் கணக்கும் நாளாக ஆகக் கொஞ்சம் விலகும். முழு சார்ஜ் ஆனால் மறுபடி நூறிலிருந்து தொடங்கும். நான்கு செல்லையும் பிஎம்எஸ் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அந்த உச்சிக்குப் பக்கத்தில்தான். அதனால் அவ்வப்போது முழு சார்ஜ் அவசியம். இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ட்யூபுலருக்காக அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் ஈக்வலைசேஷன் சார்ஜ் இதற்கு ஆகாது.

வேகமாக சார்ஜ் ஆகும் என்பது பாதி உண்மை. வேகமாக ஏற்றினால் பேட்டரி ஏற்றுக்கொள்ளும்தான், ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் 15 ஆம்பியர் மட்டுமே கொடுத்தால் 100 ஏஎச் நிரம்ப ஏழு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

கிரைண்டர் விஷயத்திலும் கவனம் வேண்டும். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும் கரண்ட் பிஎம்எஸ் வரம்பைத் தாண்டினால் எல்லாம் அணைந்துவிடும். ஏஎச் மட்டும் கேட்காமல், தொடர்ந்து எத்தனை ஆம்பியர், சில நொடிக்கு எத்தனை ஆம்பியர் என்றும் கேட்டு வாங்குங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஏலகிரியிலேயே அந்தக் குளிர் வராது, நமக்கென்ன! நமக்கு வில்லன் சூடுதான். முழு சார்ஜிலேயே வெக்கையில் கிடந்தால் செல் சீக்கிரம் கிழடாகும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைக்கவே வைக்காதீர்கள். எங்களுடையது படிக்கட்டுக்கு அடியில், சுவரோடு ஒட்டாமல், சுற்றிலும் காற்றோட்டம் விட்டு இருக்கிறது.

விலை ட்யூபுலரைவிடக் கூடுதல்தான், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை போனதற்கே எனக்குக் கட்டுப்படியாகிறது. இன்னொன்று. பழைய ட்யூபுலரைக் கடையில் எடை போட்டு, ஈயத்துக்கென்று ஒரு தொகை கழித்தார்கள். லித்தியம் பழசானால் எடுத்துக்கொள்வீர்களா என்று நான் விசாரித்த கடைகளில் யாரும் சரி என்று சொல்லவில்லை. விலை பேசும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.