ஆதார் கேஒய்சி: உரிமம் எடுப்பதா, ஆஃப்லைன் கோப்பே போதுமா?

கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு என்றதும் பல நிறுவனங்கள் முதலில் கேட்பது ‘ஏயுஏ உரிமம் எப்படி எடுப்பது?’ என்றுதான். ஏயுஏ என்பது ஆதார் ஆணையத்தின் தரவுத்தளத்தில் நேரடியாகச் சரிபார்க்க அனுமதி பெற்ற நிறுவனம். சட்டம் கட்டாயப்படுத்தாத தொழிலுக்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆணையம் கையொப்பமிட்ட தரவை வாடிக்கையாளரிடமிருந்தே வாங்கிச் சோதிக்கும் ஆஃப்லைன் சரிபார்ப்பிலேயே காரியம் முடிந்துவிடும் என்பதே எங்கள் நிலை.

உரிமம் விண்ணப்பித்தால் கிடைத்துவிடும் பொருளும் அல்ல. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தனியார் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவை முடக்கியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, வங்கிகளுக்குப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் 11ஏ பிரிவு வழிவிடுகிறது. மற்ற தனியார் நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 31 அன்று வெளியான திருத்த விதிகள் ஒரு வாசலைத் திறந்தன. ஆனால் ஆதார் சரிபார்ப்பு எதற்கு வேண்டும் என்று விளக்கி, தொடர்புடைய அமைச்சகம் அல்லது துறை வழியாகத்தான் போக வேண்டும். வேறொரு ஏயுஏவின் கீழ் துணை ஏயுஏ ஆகலாம் என்பார்கள். அதற்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும், கடமைகளும் கூடவே வரும்.

நேரடிச் சரிபார்ப்பின் பலம் தெளிவு: கைரேகையோ ஓடிபியோ மையத் தரவுத்தளத்தோடு ஒப்பிடப்பட்டு, அந்த நொடியிலேயே பதில் வருகிறது. கட்டணமும் பெரிய தடையில்லை. 2021இல் ஒரு இ-கேஒய்சி (நேரடி மின்னணு கேஒய்சி) கட்டணம் 20 ரூபாயிலிருந்து 3 ரூபாய்க்கு இறங்கியது.

செலவு பராமரிப்பில்தான். வாடிக்கையாளரின் ஆதார் எண்ணைச் சேமித்தால் ஆதார் பெட்டகம், அதாவது எண்களைக் குறியாக்கி வைக்கும் தனித் தரவுக் கிடங்கு வேண்டும். எண் அங்கே மட்டும் இருக்கும். மற்ற எல்லா அட்டவணைகளிலும் அதற்குப் பதிலாக ஒரு குறிப்புச் சாவிதான். பெட்டகத்தின் குறியாக்கச் சாவிகள் எச்எஸ்எம் என்ற, சாவிகளைக் காக்கும் தனி வன்பொருள் கருவிக்குள் இருக்க வேண்டும். பரிவர்த்தனைப் பதிவுகளை 2 ஆண்டு கையிலும், அதன்பின் 5 ஆண்டு காப்பகத்திலும் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் சான்று பெற்ற தகவல் அமைப்புத் தணிக்கையாளரைக் கொண்டு தணிக்கை உண்டு. தணிக்கையில் பெட்டகம் தேறிவிடும், அதற்கு வெளியேதான் ஓட்டை. பிழைதிருத்தப் பதிவில் முழு ஆதார் எண், உதவி மையத்துக்கு வாடிக்கையாளர் அனுப்பிய அட்டைப் படம், யாரோ கணக்கு சரிபார்க்க இறக்கிய எக்செல், மூன்று மாதப் பழைய பேக்கப். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க ஆள் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். ஆதார் சட்டத்தின் 33ஏ பிரிவில் ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளுக்கு 10 லட்சம் வரை.

அன்றாடத் தொல்லைகள் இதற்கு மேல். சர்வர் கடிகாரம் விலகினால் 561 அல்லது 562 பிழை வரும். உரிமச் சாவி காலாவதியானால் 565. வாடிக்கையாளர் தன் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தால் 330. கடைசியானது உங்கள் பிழையே அல்ல, ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆஃப்லைன் வழியில் இந்தச் சுமை பெரும்பாலும் விலகுகிறது. ஆதார் சட்டத்தின் 8ஏ பிரிவின்படி ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது. சேமிக்காத எண்ணுக்குப் பெட்டகம் எதற்கு? அதே பிரிவின்படி ஒப்புதல் வாங்க வேண்டும், மாற்று வழி உண்டென்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து ஜிப் கோப்பை இறக்கி, 4 எழுத்துப் பகிர்வுக் குறியோடு தருகிறார். உள்ளே ஆணையத்தின் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்: பெயர், முகவரி, பாலினம், பிறந்த தேதி, புகைப்படம்.

நிரலாளர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. கையொப்பத்தைச் சரிபார்க்கும் முன்பே எக்ஸ்எம்எல்லை அழகாக அடுக்கிவிட்டால் ஓர் இடைவெளிகூடக் கையொப்பத்தை முறித்துவிடும். வந்த பைட்டுகளை அப்படியே சோதியுங்கள். அடுத்தது கோப்பில் உள்ள கைபேசி எண்ணின் ஹாஷ், அதாவது எண்ணாகத் திருப்ப முடியாத கணக்கிட்ட குறி. எண்ணையும் பகிர்வுக் குறியையும் ஒட்டி, ஆதாரின் கடைசி இலக்கம் எத்தனையோ அத்தனை முறை எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கைப் போட வேண்டும். 0 அல்லது 1 என்றால் ஒரே முறை. அந்த இலக்கம் கோப்பில் உள்ள குறிப்பு எண்ணின் நான்காவது எழுத்து. ஆறு, ஏழு சோதனை அட்டைகளில் வெவ்வேறு கடைசி இலக்கம் இருந்தால்தான் இந்தப் பிழை கண்ணில் படும்.

ஆதார் அட்டையில் உள்ள கியூஆர் இன்னும் எளிது என்று தோன்றும். படித்தால் வருவது ஒரு பிரம்மாண்டமான தசம எண். அதைப் பைட்டாக்கி, ஜிசிப் சுருக்கத்தை விரித்து, 255 என்ற பைட்டில் பிரிக்க வேண்டும். கடைசி 256 பைட் கையொப்பம். புகைப்படம் ஜேபெக் 2000. பெரும்பாலான உலாவிகள் திறக்காது, சர்வரில் மாற்றித் தர வேண்டும்.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். கோப்பு உண்மையானது என்று கையொப்பம் சொல்லும். கொண்டு வந்தவர் அவர்தானா என்று சொல்லாது. ஆகவே ஹாஷ் பொருந்திய கைபேசிக்கு உங்கள் ஓடிபி, அல்லது நேரடி முக ஒப்பீடு, இரண்டில் ஒன்று கட்டாயம். முகவரி நேற்று மாறியிருந்தாலும் பழைய கோப்புக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் வீடியோ கேஒய்சி விதி 3 வேலை நாளுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. வங்கி அல்லாதவர்களும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

அரசின் மின்னணு ஆவணச் சேவையான டிஜிலாக்கர் இவற்றின் நடுவே. ஒருங்கிணைப்பு இலகு, ஓட்டுநர் உரிமமும் சேர்த்தே எடுக்கலாம், ஆவணங்களுக்கு 2016 விதிகளின்படி மூல ஆவண மதிப்பு உண்டு. ஆவணம் பலவகை தேவைப்பட்டால் இதையே பாருங்கள். ஆதார் மட்டும் போதுமென்றால் இன்னொரு தளத்தின் இயங்குநேரத்தை நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை.

மாதம் எத்தனை சரிபார்ப்புக்கு மேல் உரிமம் கட்டுப்படியாகும் என்று பொதுவாக ஒரு கோடு போட முடியாது. தணிக்கைக்குப் போகும் ஆள்செலவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உரிமம் சந்தேகமில்லாமல் வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஆதாரோடு கைபேசி எண் இணைக்காதவர்கள். அவர்களால் எக்ஸ்எம்எல் இறக்க முடியாது, கியூஆர் உள்ள அட்டையும் கையில் இல்லையென்றால் விரல் ரேகை போன்ற பயோமெட்ரிக் சரிபார்ப்புதான் வழி. உங்கள் வாடிக்கையாளரில் இவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.